புழக்கடை வழியாக வந்தவர்கள்

பட்டம் வாங்கினால்தான் பிசியோதெரபிஸ்ட் ஆகலாம் என்ற ஏற்பாடு பிரிட்டனில் முழுசாக நிலைத்தது 1992இல்தான். மான்செஸ்டர் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னால் பிளேஸ்மென்ட் பயிற்சிக்கு வரும் மாணவப் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவர்கள் கணக்கில் மூன்று வருஷ பிஎஸ்சிதான் நேர்வழி. மற்றதெல்லாம் மாற்று வழி. விளையாட்டு அறிவியலில் ஒரு பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருஷ எம்எஸ்சியில் சேர்ந்து வருகிறவர் ஒரு ரகம். வார்டில் உதவியாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கிறவர் இன்னொரு ரகம். பிஎஸ்சிக்காரர்கள் இந்த இரண்டு பேரையும் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பேசுவார்கள், டீ குடிக்கும் நேரத்தில். நான் தமிழ்நாட்டில் பிபிடி என்ற பிசியோதெரபிப் பட்டம் முடித்துவிட்டு இங்கே வந்து பதிவு வாங்கியவள் என்பதால் என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவர்களுக்கே தெரியாது.

போன தீபாவளிக்கு அக்கா மகள் போனில் கேட்டாள்: "சித்தி, நான் பிளஸ் டூவுல பயாலஜி எடுக்கலையே. இனிமே பிசியோ ஆகவே முடியாதா?" அவளுக்கு ஒரு பதில் சொல்லி வைத்தேன். அது கடைசியில் வரும். ஆனால் அந்தக் கேள்வி என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. முதன்முதலில் இந்தத் தொழிலுக்குள் வந்தவர்கள் எந்த குரூப் எடுத்தார்கள்?

பிரிட்டனில் அந்த முதல் வரிசையில் நிற்பவர்கள் நான்கு பெண்கள். லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பாமர். நர்ஸ் வேலையும் பிரசவம் பார்க்கும் வேலையும் தெரிந்தவர்கள்; மசாஜும் கற்றவர்கள். 1894இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், லண்டனில் மசாஜ் என்று பலகை மாட்டிக்கொண்டு நடக்கும் சில வீடுகளில் உண்மையில் நடப்பது விபச்சாரம் என்று எழுதிவிட்டது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஒழுங்காக மசாஜ் செய்து பிழைத்த பெண்கள் நோயாளி வீட்டுக் கதவைத் தட்டவே கூசும் நிலை வந்தது. அந்த வருஷமே இந்த நால்வரும் பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் முதல் பரீட்சை நடந்தது.

அவர்கள் போட்ட விதிகளைப் படித்தால் கைத்திறனைவிட மானத்தைப் பற்றிய கவலைதான் அதிகம் தெரியும். டாக்டர் சொல்லாமல் யாருக்கும் மசாஜ் செய்யக் கூடாது. ஆண்களுக்குப் பொதுவாகச் செய்யக் கூடாது. டாக்டர் குறிப்பாகக் கேட்டால் மட்டும் விதிவிலக்கு. சாதாரணப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுக்கக் கூடாது. நோயாளிக்கு மருந்து விற்கக் கூடாது. இதை ஒரு பேரம் என்றுதான் நான் சொல்வேன். நாங்கள் உங்கள் சொல்லை மீற மாட்டோம், நீங்கள் எங்கள் பெயரைக் காப்பாற்றுங்கள் என்று டாக்டர்களோடு போட்ட பேரம். அந்த நேரத்துக்கு அது கெட்டிக்காரத்தனம். ஆனால் அந்தக் கட்டு அவிழ எண்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

இவர்களுக்கு முன்பே இன்னொரு வழி ஸ்வீடனில் தொடங்கியிருந்தது. அங்கே பெர் ஹென்ரிக் லிங் என்ற வாள்வீச்சு ஆசிரியர் 1813இல் ஸ்டாக்ஹோமில் அரசு உடற்பயிற்சிக் கழகத்தை நிறுவினார். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை, வாத்தியார். ராணுவத்துக்கும் பள்ளிக்கும் உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கிய அதே இடத்தில், நோயாளிக்கு உடற்பயிற்சி கொடுப்பதையும் பாடமாக வைத்தார். அந்த மரபில் வந்த மார்ட்டினா பெர்க்மன் ஓஸ்டர்பெர்க் 1885இல் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் பெண்களுக்கு ஒரு கல்லூரி தொடங்கினார். பத்து வருஷத்தில் அது டார்ட்ஃபோர்டுக்கு மாறியது. அங்கே படித்த பெண் உடற்பயிற்சி ஆசிரியையாகவும் போகலாம், மசாஜும் மருத்துவ உடற்பயிற்சியும் தெரிந்தவளாகவும் போகலாம். பி.டி. டீச்சர்தான் பிசியோவின் ஒன்றுவிட்ட அக்கா என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. விளையாட்டு அறிவியல் படித்துவிட்டு வருபவரை மட்டம் தட்டுகிறவர்களுக்கு இந்தக் கதையைக் கட்டாயம் சொல்வேன்.

அடுத்து வந்தவர்கள் ஆண்கள், அதுவும் அரைகுறையாக. பெண்கள் சங்கம் 1905இல் ராணுவ மருத்துவப் படையின் ஆண் நர்ஸ்களைப் பரீட்சை எழுத விட்டது. எழுதலாம், சான்றிதழ் வாங்கலாம். உறுப்பினர் ஆக முடியாது. அதற்கு 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் அரச சாசனம் கிடைத்தது. எங்கள் மான்செஸ்டரில் தனியாக இயங்கிய இன்னொரு மசாஜ் கழகமும் லண்டன் சங்கத்தோடு சேர்ந்துகொண்டது. இன்றைய பெயரான சார்ட்டர்ட் சொசைட்டி ஆஃப் பிசியோதெரபி 1940களில்தான் வந்தது.

நடுவில் முதல் உலகப் போர். 1914இல் போர் தொடங்கியதும் அல்மெரிக் பேஜெட் என்ற செல்வந்தரும் அவர் மனைவியும் பயிற்சி பெற்ற ஐம்பது மசாஜ் பெண்களை ராணுவ ஆஸ்பத்திரிகளுக்குத் தங்கள் பணத்தில் கொடுக்க முன்வந்தார்கள். ஐம்பது எந்த மூலைக்கு? குண்டுபட்ட கையும் காலும் ஆயிரக்கணக்கில் வந்தன. ஆண்களைத் தொடக் கூடாது என்று எழுதிய சங்கத்துப் பெண்கள் நாள் முழுக்கச் சிப்பாய்களின் தொடையையும் தோளையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விதி எழுதிய மையின் ஈரம் காய்ந்து இருபது வருஷம்தான் ஆகியிருந்தது. யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதே போரால்தான் எனக்கு மிகவும் பிடித்த வழியும் பெரிதானது. போரில் பார்வை போனவர்களுக்காக ஆர்தர் பியர்சன் 1915இல் லண்டனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்தைத் தொடங்கினார். அவரும் பார்வை இழந்தவர். பத்திரிகை முதலாளியாக இருந்தவர். கூடை பின்னுவதும் கோழி வளர்ப்பதும் தவிர அங்கே கற்றுக்கொடுத்த தொழில்களில் மசாஜும் ஒன்று. பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனம் மசாஜ் பள்ளி நடத்தியது. மாணவர்கள் உடற்கூறைப் பிரெய்லில் படித்தார்கள். எலும்புகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் படித்தார்கள். பரீட்சையில் சலுகை இல்லை. பார்வையுள்ளவர்கள் எழுதிய அதே சங்கப் பரீட்சைதான். பின்னாளில் மின்சிகிச்சைக் கருவிகள் வந்தபோது முள்ளைப் பார்க்க முடியாதவர்களுக்காகத் தொட்டோ கேட்டோ அறியும் அளவிகளைப் பொருத்தினார்கள். லண்டன் கிரேட் போர்ட்லண்ட் தெருவில் இருந்த அந்தப் பள்ளியிலிருந்து பல பத்தாண்டுகள் பார்வையற்ற பிசியோக்கள் வெளியே வந்து நாடெங்கும் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தார்கள்.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒருவரோடு சில மாதம் சேர்ந்து பணியாற்றியிருக்கிறேன். ஓய்வு பெறும் வயதில் இருந்தார். ஒரு அம்மாவின் முழங்காலில் கை வைத்துவிட்டு, இவர் மற்ற காலில்தான் அதிகம் ஊன்றுகிறார், இடுப்பைப் பார் என்றார். நான் அந்த அம்மாவை நடக்கவிட்டு, பக்கத்தில் நின்று, எதிரில் நின்று பார்த்தும் எனக்கு அது தெரிய வெகுநேரம் ஆனது. இதில் அமானுஷ்யம் ஒன்றும் இல்லை. தோலின் சூடு, தசையின் இறுக்கம், மூட்டின் நெரிசல் என்று கைக்குக் கிடைக்கும் செய்தியை அவர் முப்பது சொச்சம் வருஷம் தவறாமல் வாசித்திருந்தார். நாங்கள் அதைக் கண்ணுக்கு விட்டுக் கொடுத்துவிட்டோம்.

இரண்டாம் உலகப் போர் இன்னொரு கூட்டத்தைக் கொண்டுவந்தது. ராணுவத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த சார்ஜென்ட்டுகள். போர் முடிந்ததும் இவர்களைச் சிகிச்சை உடற்பயிற்சியாளர்கள் என்று தனித் தொழிலாகவே வைத்தார்கள். யார்க்‌ஷரில் வேக்ஃபீல்ட் பக்கம் பிண்டர்ஃபீல்ட்ஸில் இவர்களுக்கென்று கல்லூரி இருந்தது. இவர்கள் மின்கருவியைத் தொடுவதில்லை. படுக்கையில் கிடப்பவரைப் பிடித்துவிடும் வேலையும் இவர்களுடையதல்ல. இவர்கள் இடம் ஜிம். கால் முறிந்த சுரங்கத் தொழிலாளிகள் இருபது பேரை வரிசையாக நிற்க வைத்து, பந்தும் கயிறும் பெஞ்சும் கொடுத்து, திட்டியும் சிரிக்க வைத்தும் வேலைக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டு எங்கள் வார்டுக்கு ஒரு முதியவர் வந்தார். மறுநாள் காலை வாக்கரோடு போய் நின்றேன். என்னை நிற்க வைத்துவிட்டு, அந்த அறையில் இருந்த மற்ற மூன்று பேரையும் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொல்லி, எண்ணிக்கை போட்டுக் குதிகாலைத் தூக்க வைத்தார். முன்னாள் பிண்டர்ஃபீல்ட்ஸ்காரர். ஒவ்வொருவராகப் பார்த்தால் சோம்பேறி ஆவார்கள், சேர்ந்து செய்தால் போட்டி போடுவார்கள் என்பது அவர் கட்சி. இன்று இதையே குழு மறுவாழ்வு என்று பெயர் வைத்து, எங்களுக்கு அரைநாள் பயிற்சியும் கொடுத்து, படிவமும் தருகிறார்கள். சிகிச்சை உடற்பயிற்சியாளர் தொழில் 1980களின் நடுவில் பிசியோ சங்கத்தோடு கலந்து மறைந்துவிட்டது. கல்லூரி போனது, அதோடு சார்ஜென்ட் வழியும் போனது.

இந்தியாவுக்கு இந்தப் படிப்பு வந்த கதையும் ஒரு நெருக்கடியின் கதைதான். 1950களின் தொடக்கத்தில் பம்பாயில் போலியோ பரவியது. கால் சூம்பிய குழந்தைகளைக் கவனிக்க ஆள் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1953இல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பள்ளி தொடங்கியது. 1955இல் இந்திய பிசியோதெரபிஸ்ட்டுகள் சங்கம். பட்டமெல்லாம் பிறகு.

ஆனால் ஒரு தமிழ்நாட்டுக்காரிக்குப் பம்பாயைவிட நெருக்கமான கதை வேலூரில் இருக்கிறது. பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் கோக்ரேன் என்ற மருத்துவர் காட்டிய மடங்கிய கைகள் அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டன. தொழுநோயில் முழங்கை ஓரமாக ஓடும் நரம்பு செத்துப்போனால் உள்ளங்கையின் சின்னத் தசைகள் வேலை செய்யாது. விரல்கள் பறவை நகம் போல் மடங்கிவிடும். பிராண்ட், விரலை மடக்குவதற்கு இருக்கும் இரண்டு தசைநாண்களில் ஒன்றை எடுத்து, செத்த தசையின் வேலையைச் செய்யும்படி இடம் மாற்றித் தைத்தார்.

கத்தி வேலை அதோடு முடிந்துவிடும். பிசியோ வேலை அதற்கு முன்பே ஆரம்பித்து, அதற்குப் பின்பும் நீளும். வருஷக்கணக்காக மடங்கிக் கிடந்த விரலின் மூட்டு இறுகியிருக்கும். எண்ணெய் போட்டு, மெழுகில் முக்கி, நீவி, சிறு சிறு மாவுக்கட்டுகளாகப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினால்தான் அறுவைக்கே கை தயார். மெழுகுச் சூட்டை நோயாளி சொல்ல மாட்டார். அவர் கையில் உணர்ச்சி இல்லை. பார்த்துக்கொள்பவர்தான் சோதிக்க வேண்டும். அறுவை முடிந்து மூன்று வாரம் போல மாவுக்கட்டு. பிரித்ததும் அடுத்த சிக்கல்: நேற்றுவரை விரலை மடக்கிய தசை, இன்று விரலை நிமிர்த்த வேண்டும். மூளைக்கு அது தெரியாது. பழையபடி மடக்குவதாக நினைத்துக்கொள், விரல் என்ன செய்கிறது பார் என்று சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டும். ஒரு கைக்கு வாரக்கணக்காகும். வரிசையில் நூற்றுக்கணக்கான கைகள். முறையாகப் படித்த பிசியோக்கள் வந்து சேரட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கைகள் மண்ணுக்குத்தான் போயிருக்கும்.

அதனால் வேறு வழி திறந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ரூத் தாமஸ் என்ற பிசியோதெரபிஸ்ட் அங்கே கைச் சிகிச்சைப் பிரிவை உருவாக்கினார். உள்ளூர் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தங்கள் கையையே அறுவைக்குக் கொடுத்துத் தேறிய பழைய நோயாளிகளும் அப்படிக் கற்றுக்கொண்டவர்களில் உண்டு. 1955இல் வேலூருக்கு அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை வந்தது. பிற்பாடு அங்கே தொழுநோய்க்கென்றே பிசியோதெரபி டெக்னீஷியன் பயிற்சியை நடத்தினார்கள். மாதக்கணக்கில் முடியும் படிப்பு. அவர்களுக்கு முதுகுவலியும் தெரியாது, பக்கவாதமும் தெரியாது. ஆனால் அந்த ஒரு கையை அவர்களைப் போல அறிந்தவர் உலகத்தில் குறைவு.

காலேஜில் படிக்கும்போது எங்களை ஒரு நாள் கரிகிரிக்குக் கூட்டிப் போனார்கள். எங்களுக்கு விளக்கம் சொன்னவர் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், டெக்னீஷியன். நாங்கள் நான்கரை வருஷப் படிப்புக்காரர்கள், அந்த மிதப்பு எங்களுக்கு இருந்தது. எங்கள் கூட்டத்தில் ஒருத்தி நரம்பின் பெயரைக் கேட்டுப் பெரியவரைச் சோதித்தாள். அவர் பெயரைச் சொல்லிவிட்டு, அவள் முழங்கையின் உட்புறத்தில் அந்த நரம்பைத் தொட்டு உருட்டிக் காட்டினார். "தெரியுதாம்மா? இது தடிச்சிருந்தா நோய் இருக்கு. இப்ப நீங்க எனக்குப் பாருங்க." எங்களில் ஒருவருக்கும் முதல் தடவையில் அது கையில் அகப்படவில்லை.

சரி, இவ்வளவு வழிகள் இருந்தால் பட்டம் எதற்கு வந்தது? இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. டிப்ளமா காலத்தில் பிரிட்டனில் ஆஸ்பத்திரிப் பள்ளிகளில் மூன்று வருஷம் வார்டில் வேலை செய்துகொண்டே கற்றார்கள். கை நன்றாக வந்தது. ஆனால் டாக்டர் சீட்டில் எழுதியதைத்தான் செய்ய வேண்டும். இத்தனை நிமிஷம் சூடு, இத்தனை நிமிஷம் மசாஜ் என்று மருந்துக் கடைச் சீட்டு மாதிரி எழுதி வரும். இது இவருக்கு ஆகாது என்று சொல்ல ஆய்வும் இல்லை, ஆய்வு செய்யப் பட்டமும் இல்லை. 1960இல் சட்டம் வந்து அரசுப் பதிவு வந்தது. 1976இல் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பாலிடெக்னிக்கில் பிரிட்டனின் முதல் பிசியோதெரபி பட்டப்படிப்பு. அடுத்த வருஷமே, எந்தச் சிகிச்சை என்று பிசியோவே முடிவு செய்யலாம் என்று சுகாதாரத் துறையின் சுற்றறிக்கை. 1894இல் போட்ட பேரம் அவிழ்ந்தது அப்போதுதான். இன்று நான் ஒரு நோயாளிக்கு நரம்பு அழுத்தம் இருக்கிறது, ஸ்கேன் எடுங்கள் என்று எழுதினால் அது நடக்கிறது. அந்த மரியாதை பட்டத்தோடு வந்தது. மறுப்பதற்கில்லை.

போனதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிப் பள்ளிகள் பல்கலைக்கழகங்களுக்குள் கரைந்தன. பார்வையற்றோர் பள்ளியும் 1990களில் மூடப்பட்டது. பார்வையற்ற மாணவர்களுக்கான உதவி கிழக்கு லண்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனது. விதிப்படி அவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேரலாம். என்னிடம் பிளேஸ்மென்ட்டுக்கு வந்த மாணவர்களில் இதுவரை பார்வையற்றவர் ஒருவரும் இல்லை. கதவில் பூட்டு இல்லாவிட்டாலும், அழைத்து வந்து உட்கார வைக்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அந்தப் பள்ளி.

இப்போது மறுபடியும் வழிகளைத் திறந்துகொண்டிருக்கிறார்கள். காரணம் பழையதுதான், ஆள் பற்றாக்குறை. 2017இல் பிரிட்டிஷ் அரசு ஒரு வரி போட்டது: வருஷச் சம்பளப் பட்டியல் முப்பது லட்சம் பவுண்டைத் தாண்டும் முதலாளிகள் அரை சதவீதத்தைத் தொழிற்பயிற்சி நிதிக்குக் கட்ட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகள் எல்லாமே அதில் சிக்கின. கட்டிய பணத்தை எடுக்க ஒரே வழி, ஆட்களைப் பயிற்சியில் சேர்ப்பது. அதே 2017இல்தான் இங்கிலாந்தில் பிசியோ மாணவர்களுக்குக் கிடைத்துவந்த உதவித்தொகை நின்று, கடன் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்த சூழலில் வந்ததுதான் பிசியோவுக்கான பட்டத் தொழிற்பயிற்சி. பத்து வருஷமாக வார்டில் நோயாளிகளைத் தூக்கி நிறுத்தி, குளிப்பாட்டி, நடக்க வைத்த உதவியாளர் சம்பளத்தோடு சில நாள் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். மீதி நாள் வார்டில் இருக்கிறார். ஏறக்குறைய நான்கு வருஷத்தில் பட்டமும் பதிவும். பழைய ஆஸ்பத்திரிப் பள்ளியேதான் இது, பட்டம் என்ற தொப்பியோடு. நல்லது என்றுதான் நினைக்கிறேன். என்னிடம் இப்போது இருப்பவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஸ்ட்ரோக் நோயாளி இன்று எழ மாட்டார் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். கட்டுரை எழுதச் சொன்னால்தான் தவித்துப் போகிறார். அதற்கு வாரம் ஒரு மாலை உட்கார்ந்து படிக்கிறோம்.

இனி அக்கா மகளுக்குச் சொன்ன பதில். தமிழ்நாட்டில் பிபிடி சேர பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். அது இல்லாதவளுக்கு இங்குள்ள வழிகளில் ஒன்றுதான் ஒத்துவரும். விளையாட்டு அறிவியல், உளவியல் போன்று தொடர்புள்ள ஒரு பட்டத்தை நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டு, பதிவுக்கு முந்தைய எம்எஸ்சியில் சேர வேண்டும். எந்தப் பட்டத்தை ஏற்பார்கள் என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மாறும். இரண்டு வருஷம், ஓட்டமாக ஓட வேண்டும். வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் கண்ணைக் கட்டும். இதில் ஏஜென்ட்டுகள் செய்யும் ஒரு வேலையைக் கவனிக்கச் சொன்னேன். எம்எஸ்சி பிசியோதெரபி என்ற பெயரில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று புதிதாக பிசியோ ஆகிறவர்களுக்கு; இன்னொன்று ஏற்கெனவே பிசியோவாக இருப்பவர்கள் மேலே படிக்க. இரண்டாவதை முடித்தால் சான்றிதழ் கிடைக்கும், வேலை பார்க்கப் பதிவு கிடைக்காது. பணம் கட்டுவதற்கு முன் ஹெச்சிபிசி என்ற பதிவுக் கவுன்சிலின் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊரில் பிபிடி முடித்தவர்களும் இங்கே வந்து ஒரு எம்எஸ்சி படித்தாலே போதும் என்று நம்புகிறார்கள். போதாது. அவர்கள் தங்கள் பிபிடியைக் காட்டி அதே கவுன்சிலில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

"அப்ப அந்தச் சம்பளத்தோட படிக்கிறது, சித்தி?" என்றாள். பொதுவாக அதற்கு இங்கே மூன்று வருஷம் குடியிருந்திருக்க வேண்டும், வேலை செய்யும் உரிமையும் வேண்டும். இந்த வழி இங்கே இருப்பவர்களுக்கு மட்டும்.